ஸ்விம் ஸ்பா பம்ப் வால்வுகள்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஸ்விம் ஸ்பாவின் (எதிரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நீந்தும் சிறு தொட்டி) பம்புகளுக்கு, தண்ணீரை நிறுத்தும் அடைப்பு வால்வு பொருத்தும் வேலை முடிந்து, தொட்டி மறுபடி திறந்துவிட்டது. மூட்டுவலிக்காகத் தினமும் காலையில் இறங்கும் பெரியவர்கள் பத்து நாள் பொறுத்துக்கொண்டார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

எதற்கு இந்த வேலை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் கேட்டார்கள். மூன்று பம்புகளும் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. பம்பைக் குழாயோடு இணைக்கும் யூனியனைக் கழற்றினால் போதும், தொட்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிடும். போன கோடையில் ஒரு பம்பின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம்) கசிந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சீலை மாற்ற 6,000 லிட்டரையும் வெளியே விட்டு, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். குளோரின் இருந்ததால் செடிகளுக்கும் விட முடியவில்லை. 2019 ஜூனில் சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் நம்மில் பலர். அவ்வளவு தண்ணீரும் சாக்கடைக்குப் போனதைப் பார்த்த வேதனைதான் இந்தப் பணிக்குக் காரணம்.

இப்போது ஒவ்வொரு பம்புக்கும் தண்ணீர் உள்ளே வரும் சக்‌ஷனில் ஒன்று, வெளியேறும் டெலிவரியில் ஒன்று என ஆறு பால் வால்வுகள் (உள்ளே துளையுள்ள உருண்டையைத் திருப்பி மூடுபவை) உள்ளன. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டுகளும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன, அந்த வழியாகவும் தண்ணீர் திரும்பி வரும் என்பதால் டெலிவரி பக்கமும் தேவைப்பட்டது. துளை குழாயின் அளவுக்கே இருக்கும் முழுத் துளை வால்வுகளாகவே வாங்கினோம். துளை சிறுத்தால் எதிரோட்டத்தின் வேகம் குறைந்துவிடும்.

முதல் நாளே ஒரு தடங்கல். கடையில் 2 இஞ்ச் என்று கேட்டு வாங்கிவந்த வால்வுகள் 63 மில்லிமீட்டர் குழாய்க்கானவை. ஸ்பாவின் குழாய் அமெரிக்க அளவு, வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். மாட்டிப் பார்த்தால் ஆடியது. பசையைக் கூடுதலாகத் தடவி ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பசை இடைவெளியை அடைக்கும் பொருள் அல்ல. இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாகப் பிடிக்க வைப்பது அதன் வேலை, அதற்கு இறுக்கமான பொருத்தம் வேண்டும். சரியான அளவு வர மூன்று நாள் ஆனது. ஒட்டிய பிறகு 24 மணி நேரம் காயவிட்டோம். வழக்கமாகத் தண்ணீர் மாற்றும் வாரத்திலேயே வேலையை வைத்ததால், இதற்கென்று தனியாகத் தண்ணீர் வீணாகவில்லை.

அப்புறம் சோதனை. ஒரு ஜெட் பம்பின் இரண்டு வால்வுகளையும் மூடி, பம்பைக் கழற்றி வெளியே வைத்தோம். குழாயில் தங்கியிருந்தது ஒரு வாளிக்கும் குறைவு. தொட்டியின் நீர்மட்டம் அப்படியே இருந்தது.

பராமரிப்பாளருக்குச் சொல்லியிருப்பவை உறுப்பினர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். வால்வைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மூடிய வால்வோடு பம்பை ஓட்டினால் உள்ளே தண்ணீர் சூடேறி சீல் கெட்டுவிடும். ஆகவே மூடும்போதெல்லாம் சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும். திரும்ப மாட்டியதும் டெலிவரி யூனியனைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். வால்வுகள் இறுகிப்போகாமல் இருக்க, பம்ப் நின்றிருக்கும்போது மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

செலவு முழுவதும் பராமரிப்பு நிதியிலிருந்து. தனி வசூல் இல்லை. பில்கள் அலுவலகத்தில் உள்ளன, யாரும் பார்க்கலாம். ஹீட்டருக்கு அருகில் உள்ள பழைய வடிகால் குழாய் மட்டும் இன்னும் மாற்றப்படவில்லை. அதை அடுத்த பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

நிர்வாகக் குழு