விருந்து மண்டபத்துக்கு லேசர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பினாங்கில் இப்போது கல்யாண விருந்து, பிறந்தநாள் என்றாலே மேடையில் லேசர் சுற்றுகிறது. அண்மையில் பட்டர்வொர்த்தில் ஒரு விருந்தில் பச்சைக் கதிர் முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்திலேயே ஆடியது. பெற்றோரோ அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்! 500 மில்லிவாட்டைத் தாண்டிய லேசர் 4ஆம் வகுப்பு, அதாவது லேசர்களில் மிக ஆபத்தான வகை. கண் சிமிட்டுவதற்குள் விழித்திரையைச் சுட்டுவிடும். கைப்பேசிக் கேமராவும் கெட்டுப்போகலாம்.

அந்தரத்தில் ஒளிக்கதிர் காட்டும் இந்த வித்தையைச் சாதாரண வீடியோ புரொஜெக்டரிலேயே காட்டலாம். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் வட்டங்களும் அசைகிற வீடியோவை ஓடவிட்டு, மண்டபத்தை இருட்டாக்கி, இயந்திரத்தால் லேசாகப் புகை பரப்பினால் போதும். கோடு ஒளித்தகடாக விரியும். வட்டம் கூம்பாகி அந்தரத்தில் நிற்கும். லேசரின் கூர்மை வராது, சரி. புரொஜெக்டரின் கறுப்பும் முழுக் கறுப்பல்ல, கொஞ்சம் வெளிச்சம் கசியும். ஆனால் ஒளி விரிந்து போவதால் ஆபத்து மிகக் குறைவு. அதற்காகக் கிட்டத்தில் நின்று லென்ஸை உற்றுப் பார்க்கக்கூடாது. கருவியைத் தலைக்கு மேலே மாட்டுங்கள். அப்புறம், புகை அலாரம் பற்றி மண்டபக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தின் மீது லேசர் பாய்ச்சக்கூடாது என்று மண்டப உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாமே?

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு