நீதிபதி திருப்பிப் பேச முடியாது

ஆசிரியருக்கு,

ஒரு காணி வழக்கில் ஒன்பது வருஷம் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நின்று கடைசியில் தோற்றவன் நான். அந்த நீதிபதியில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேன்முறையீடு செய்தேனே தவிர, அவர் யாருடைய ஆள், எவனிடம் காசு வாங்கினார் என்று சந்தியில் நின்று பேசவில்லை.

தீர்ப்பு பிழை என்று யாரும் சொல்லலாம், காரணத்தோடு சொல்லட்டும். அரசியல்வாதிகள் ஏறி மிதிப்பது தீர்ப்பை அல்ல, ஆளை. குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கில் கட்டளையிட்ட முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜாவை 2023இல் சரத் வீரசேகர எம்.பி. பாராளுமன்றத்துக்குள்ளேயே தாக்கிப் பேசினார். வெளியே பேசினால் நீதிமன்ற அவமதிப்பு, உள்ளே பேசினால் சிறப்புரிமை. நீதிபதி என்ன செய்வார்? பத்திரிகையாளரைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல முடியுமா? அந்த செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல், அழுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவியையும் நாட்டையும் விட்டே போய்விட்டார். ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மனிதச் சங்கிலியாக நின்றோம், போனவர் போனவர்தான்.

இது தமிழ் நீதிபதிக்கு மட்டும் நடப்பதுமில்லை. வறுமை ஒழிப்புத் திட்டங்களை மத்திய அரசின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொன்னது, அதாவது எங்களுடைய அதிகாரத்துக்காகவும்தான் சொன்னது. அதன் பிறகு, அந்த நீதிமன்றத்தின் தலைவரான பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாராளுமன்றத்தில் குற்றம் சுமத்தி 2013 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதுவும் அவரை விசாரித்த பாராளுமன்றக் குழுவுக்கு அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகு.

சரி, எங்கள் பக்கம் மட்டும் சுத்தமா? 2015 மே 20, புங்குடுதீவில் வன்புணர்ந்து கொல்லப்பட்ட மாணவி வித்தியாவுக்கு நீதி கேட்டுத் திரண்ட கூட்டத்தில் இருந்து யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தார்கள். அன்று கல்லெறிந்தவனுக்கும் சேர்த்துத்தான் 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் இருந்து அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள், 7 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ஒருவரான இளஞ்செழியனைக் காப்பாற்றப் போய், அதற்கு இரண்டு மாதம் முந்தி நல்லூரில் ஹேமச்சந்திர என்ற சிங்களப் பொலிஸ்காரர் சுடுபட்டுச் செத்தார். அவருடைய மனைவியின் காலில் நீதிபதி விழுந்து அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோமே.

ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு எம்.பி. நீதிபதியை ஏசியதை முதல் பக்கத்தில் போட்டால், அந்த நீதிபதி என்ன கட்டளையிட்டார், அதற்கு என்ன காரணம் எழுதினார் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். அவருக்காகப் பேச அந்தக் கடதாசி மட்டும்தான் இருக்கிறது.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்