தார்சாச் சுவரில் பென்சில் கோடு

கல்லிடைக்குறிச்சி
புதன் இரவு

அன்புள்ள காந்திமதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே?

அமெரிக்காவில் பிசியோதெரபி லைசென்ஸுக்கு உன் படிப்பில் குறை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததைச் சொல்லி அழுதாயே, ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உங்க அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "சவத்தை விடச் சொல்லுங்க. அந்த லைசென்ஸ் இல்லாட்டி சோறு இறங்காதாக்கும்?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். 36 வருஷம் ஊரார் கடிதத்தில் முத்திரை குத்தியவன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

முதலில் காகிதச் சங்கதி. உன் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தேன். முதல்முறை அவர்கள் கொடுத்த கடிதத்தில் 'ஆறு மாதம் பயிற்சி' என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். அங்கே உன் படிப்பை எடைபோட்டு அந்த ரிப்போர்ட் எழுதின எஃப்.சி.சி.பி.டி.காரர்களுக்கு அது எப்படிப் போதும்? எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று இருந்தால்தானே அவர்கள் அதை கிரெடிட்டாக, அதாவது அவர்கள் பாடக் கணக்காக, மாற்ற முடியும். ஆபீசில் இருந்த தம்பி, "ஆறு மாசம்னா ஆறு மாசந்தான சார்?" என்றான். எலும்பு மூட்டுப் பிரிவு, நரம்புப் பிரிவு, இதயம் நுரையீரல் பிரிவு என்று தனித்தனியாக மணிக்கணக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து டைப் அடிக்க வைத்தேன். அதிலும் உன் பெயரில் ஒரு 'எச்' விட்டுப்போச்சு. மறுபடியும் அடித்தான். நல்ல பையன்தான், என் மேல் கொஞ்சம் கடுப்பாகிவிட்டான்.

அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் உன் படிப்புக் காகிதத்துக்கான விண்ணப்பமும் பணம் கட்டிய ரசீதும் கொடுத்தாயிற்று. காகிதம் அங்கிருந்து நேராக அமெரிக்காவுக்குப் போகும். என் கைக்கோ உன் கைக்கோ வராது. இதைச் சொல்லி நீ எரிச்சல்பட்டாய். எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் ஆபீசில் இன்ஷூர் தபாலுக்கு அரக்கை உருக்கி, ஒட்டிய இடத்தில் முத்திரை வைப்போம். வழியில் எவன் கையும் உள்ளே போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அவர்கள் கேட்பதும் அந்த அரக்கைத்தான்.

பெயர் விஷயத்தில் மட்டும் தப்பு நம்முடையது. சர்டிபிகேட்டில் நீ காந்திமதி எஸ். பழைய பாஸ்போர்ட்டில் காந்திமதி சங்கரலிங்கம். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்ததில் மாப்பிள்ளை பெயரோடு இருக்கிறாய். நமக்கு முன்னெழுத்து போதும், அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். மூன்று பெண்களில் யாருக்கு லைசென்ஸ் என்று அவர்கள் கேட்டால் குற்றமில்லை. அம்பாசமுத்திரம் கோர்ட் வாசலில் நோட்டரியிடம், மூன்று பெயரும் ஒருத்திதான் என்று பிரமாணப் பத்திரத்துக்குப் பேசிவைத்திருக்கிறேன். அங்கே நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா, இல்லை கல்யாணப் பதிவுச் சான்று மட்டும் போதுமா என்று கேட்டுச் சொல்.

சரி, நீ அழுத விஷயத்துக்கு வருகிறேன். "நாலரை வருஷம் படிச்சது குப்பைனு சொல்லிட்டாங்கப்பா" என்றாய். அந்த ரிப்போர்ட்டைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன். குப்பை என்று எங்கேயும் இல்லை. அங்கே ஒரு பிள்ளை முதலில் ஒரு டிகிரி முடித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் போல டி.பி.டி. என்ற டாக்டர் படிப்புப் படித்துவிட்டுத்தான் உன் வேலைக்கு வருகிறது. நீ பிளஸ் டூ முடித்ததும் நேராக பி.பி.டி. என்ற பிசியோதெரபி டிகிரிக்குப் போனாய். அந்தப் பிள்ளையின் பட்டியலையும் உன் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிக் குறை பொதுப் படிப்பில்தான். சரித்திரம், சமூகவியல் மாதிரி. முதுகெலும்பைப் பார்க்கிறவளுக்குச் சரித்திரம் எதற்கு என்று எனக்கும் சிரிப்புதான் வந்தது. அதற்குத்தான் கிளெப் என்று ஒரு பரீட்சை இருக்கிறதாமே, வகுப்புக்குப் போகாமல் எழுதிக் கிரெடிட் வாங்கலாம் என்று நீயே ஒருநாள் சொன்னாய். அதை எழுதித் தள்ளிவிடு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மீதிக் குறையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வந்திருக்கிற வலி உன் வேலையில் சேர்ந்ததா, டாக்டரிடம் அனுப்ப வேண்டியதா என்று பிரித்துப் பார்க்கிற பாடம். மருந்து, ஸ்கேன் பற்றிய பாடமும் பக்கத்திலேயே இருந்தது. இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. நம் பக்கத்தில் எலும்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு போய் 'கரண்ட்' வைத்துக்கொண்டு வருவோம். கண்டுபிடிக்கிற பொறுப்பு டாக்டருடையது. அங்கே அப்படி இல்லையாம். எல்லா மாநிலத்திலும் ஏதோ ஓர் அளவுக்குச் சீட்டு இல்லாமலே பிசியோதெரபிஸ்டிடம் நேராகப் போகலாம். உங்கள் டெக்சாஸில் 2019இல்தான் சட்டம் மாறியது, அதற்கான தகுதி உள்ளவர்கள் குறிப்பிட்ட நாள் வரை சீட்டில்லாமல் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை விளக்கினார். அப்படியானால் முதலில் கை வைக்கிறவள் நீ. வலி எங்கிருந்து வருகிறது என்று நீதான் சொல்லியாக வேண்டும். அவர்கள் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

நம் மெயில் ஓவர்சியர் மாமாவை நினைத்துப் பார். நீ ஹவுஸ் சர்ஜன் மாதிரி பயிற்சியில் இருந்த வருஷம். தைப்பூசத்துக்கு முந்தின நாள். "இடது தோள் ஒரு வாரமா வலிக்கு தாயி, ஏதாவது கசரத்து சொல்லு" என்று தார்சாவில் வந்து உட்கார்ந்தார். நீ கையைத் தூக்கினாய், பின்னால் மடக்கினாய், தோள் சிப்பியை அமுக்கினாய். அவருக்கு எங்கேயும் வலிக்கவில்லை. "மாமா, கையைத் தூக்கும்போது வலிக்கா, சைக்கிள் மிதிக்கும்போது வலிக்கா?" என்று கேட்டாய். பாலத்து ஏற்றத்தில் மிதித்தால் வலிக்கு, இறங்கி நின்றால் விட்டுப்போகுது என்றார். நீ அடுக்களைக்கு வந்து என்னிடம் பைய, "அப்பா, இது தோள் இல்ல. ஆட்டோ பிடிங்க" என்றாய். அம்பையில் ஈ.சி.ஜி. எடுத்து, அங்கிருந்து திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயக் குழாயில் அடைப்பு. இன்றைக்கும் டி.வி.எஸ். 50இல் போகிறார். நேற்றுகூட உன்னைக் கேட்டார்.

உன்னிடம் இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிற பாடம் இதுதான் காந்திமதி. நீ செய்ததற்கு மணிக்கணக்கு இல்லை, மார்க் இல்லை, முத்திரை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் படி. அன்றைக்கு நீ மாமாவிடம் சரியான கேள்வியைக் கேட்டாய். இன்னும் பத்துக் கேள்வி தெரிந்துகொண்டால் நல்லதுதானே.

சும்மா இன்னொரு விஷயம். எதிர்வீட்டு ஆச்சி, "ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கலாமே" என்கிறாள். அங்கேயும் எழுத்துப் பரீட்சை, அதற்கு மேல் நோயாளியை வைத்துச் செய்து காட்டுகிற பரீட்சை. பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற பதிவுக்குப் பொதுவாகப் பரீட்சை இல்லை, ஆனால் பாடத்திட்டத்தை வரிவரியாகப் பார்ப்பார்கள், ஆங்கிலப் பரீட்சை ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 7 வேண்டும். துபாய்க்குப் போகிறவர்களுக்கு டேட்டாஃபுளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு. எந்த ஊரிலும் சும்மா உள்ளே விடமாட்டார்கள். மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் நீ இருக்கிறாய், அதனால் உனக்கு இந்த வாசல்.

என்.பி.டி.இ. என்ற அந்த லைசென்ஸ் பரீட்சைக்கு அவசரப்படாதே. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறானாலும் பரீட்சை ஒன்றே. வருஷத்தில் நான்கு தடவை நடக்கிறது. 225 கேள்வி, அவர்கள் மார்க் அளவில் 600 எடுத்தால் பாஸ். ஆயுளுக்கு மொத்தம் ஆறு தடவைதான் எழுதலாம் என்று இருப்பதால் 'ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்று போய் உட்காராதே. குறை தீர்ந்த பிறகு, பேத்தியை இரண்டு மாதம் அம்மா வந்து பார்த்துக்கொண்டால் தோதாக இருக்குமா என்று யோசி. விசாவுக்கு முன்னாடியே சொல்ல வேண்டும்.

அந்த கிளினிக்கில் உதவியாளாக இருப்பதைப் பற்றிச் சொன்னாய். மேசை துடைப்பது, ஒத்தடப் பை எடுத்துக் கொடுப்பது, எண்ணிக்கை சொல்வது. "தோள் எலும்பு எப்படி நகருதுன்னு எனக்குத் தெரியுதுப்பா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். வாயைத் திறக்காதே, சரி. கண்ணை மூடிக்கொள்ளாதே. அங்கே ஒரு நோயாளியிடம் என்ன கேட்கிறார்கள், எப்போது டாக்டருக்கு அனுப்புகிறார்கள், கம்ப்யூட்டரில் என்ன குறிக்கிறார்கள் என்று சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதிவை. யார் பெயரும் வேண்டாம்.

பணத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேச உனக்குத் தயக்கம் என்று அம்மா சொன்னாள். என் கிசான் விகாஸ் பத்திரம் ஒன்று போன மாதம் முதிர்ந்தது. பாடங்களுக்கான ஃபீஸுக்கு அது. மறுபேச்சு வேண்டாம். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு, மறைத்துச் செய்ய வேண்டாம்.

கடைசியாக என் சொந்த வேலை ஒன்று. அன்றைக்கு என் வலது தோள் இறுகிப்போனபோது, விரலைச் சுவரில் பையப் பைய ஏற்றச் சொல்லி, ஏறின உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாயே. பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒன்றேகால் முழம். இப்போது இடது தோள் ஆரம்பித்திருக்கிறது. சுகர் இருக்கிறவர்களுக்கு மறுபக்கமும் வரும் என்று நீ அப்போதே சொன்னதுதான். மாமாவிடம் நீ கேட்ட கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆற்றங்கரைப் படியேறினால் வலி இல்லை, சட்டை மாட்டும்போதுதான் உயிர் போகிறது. அதனால் பயப்படாதே. ஆனாலும் சனிக்கிழமை அம்பையில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுகிறேன், நீ எப்படியும் சொல்லத்தான் போகிறாய்.

இடது பக்கத்துக்குப் புதுக் கோடு நேற்று போட்டேன். இடுப்புக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. வெந்நீர் ஒத்தடம் கைப்பயிற்சிக்கு முன்னாலா, பின்னாலா? மறந்துவிட்டது. சீட்டு இல்லாமல்தான் கேட்கிறேன். பதில் எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அப்பளமும் மோர்மிளகாயும் தனிப் பார்சலில் வருகிறது. வரவில்லை என்றால் சொல், டிராக்கிங் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன்.