லெவல் ஏறினால் ஆர்பிஜி ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரை, அனுபவப் புள்ளியும் லெவலும் இருந்தால் அது ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம்) என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்தக் கணக்குப்படி 2007-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4’ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம்கூட ஆர்பிஜிதான். மல்டிபிளேயரில் சுடச்சுடப் புள்ளி சேர்ந்து 55 லெவல் வரை ஏறலாமே!

எனக்கு இந்தக் குழப்பம் ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாடிய காலத்திலிருந்தே உண்டு. 2004-இல் வந்த ஆட்டம். நாயகன் சிஜே கண்டபடி பர்கர் தின்றால் தொப்பை போடுவான். ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறும். பட்டினி போட்டால் முதலில் கொழுப்பு கரையும், அப்புறம் தசை. ஒரே துப்பாக்கியை விடாமல் பயன்படுத்தினால் அதில் தேறிவிடுவான். சிலவற்றை இரண்டு கையிலும் ஏந்துவான். கப்பலுக்கு நீந்திப் போகும் மிஷன் ஒன்றில், மூச்சடக்கும் திறன் போதாது என்று திருப்பியே அனுப்பிவிடுவார்கள். அதற்காக நான் கடலில் முங்கி முங்கி எழுந்ததைப் பார்த்துத் தம்பி, ‘இது கேமா, நீச்சல் வகுப்பா?’ என்று கேட்டான்.

இவ்வளவு இருந்தும் அதை ஆர்பிஜி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கித் திறன் கொஞ்சம் கைகொடுக்கும்தான். ஆனாலும் சண்டையில் பிழைப்பது என் விரலால்.

அடி தப்பினால், தப்பவிட்டது நானா, ஆட்டத்தில் வரும் பாத்திரமா? ஆர்பிஜியா இல்லையா என்று முடிவுசெய்ய நான் பார்ப்பது இதைத்தான். 2002-இன் ‘மாரோவிண்ட்’டில் வாள் எதிரியின் மேல் விழுவதைக் கண்ணால் பார்ப்போம். பாத்திரத்துக்கு வாள் பழக்கம் குறைவென்றால், உள்ளே உருளும் பகடை ‘படவில்லை’ என்றுவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டத்தின் ரத்தம் அது.

‘அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்’ (2017) நடுவில் நிற்கிறது. எதிரியின் லெவல் நம்மைவிட மிக அதிகமென்றால், பதுங்கிப் போய்ப் பின்னாலிருந்து குத்தினாலும் சாகமாட்டான். திரும்பி நம்மைப் பந்தாடுவான். நண்பர்கள் திட்டித் தீர்த்தார்கள். லெவல் எண் நம் கைத்திறமையை ஜெயிக்கும் அந்த இடத்துக்காகவே நான் அதற்குப் பாதி மார்க் போடுவேன். ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) ஆட்டத்திலோ வழக்கமான சண்டையே கிடையாது. 24 திறன்களை வைத்துப் பேச்சுக்குக்கூடப் பகடை உருட்டுகிறார்கள். அதற்கு முழு மார்க்.

அடுத்த முறை விமர்சனத்தில் ‘ஆர்பிஜி’ என்று போடும்போது, பகடை எங்கே உருள்கிறது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி