எந்தக் குரோமியம், எத்தனை மில்லிகிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவதை, ராணிப்பேட்டை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நன்றியுடன் படித்து வருகிறேன். ஆனால் அச்செய்திகளில் இரண்டு விவரங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. எண் இருக்கிறது, அலகு இருப்பதில்லை. குரோமியம் என்ற பெயர் இருக்கிறது, அது எந்த நிலையில் உள்ள குரோமியம் என்பது இருப்பதில்லை. இவ்விரண்டும் தெரியாமல், அஞ்ச வேண்டுமா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்ய வழியே இல்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சோதனை அறிக்கை. எங்கள் தெருவில் வசிக்கும் ஒருவர் தம் வீட்டு போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய தாளை என்னிடம் நீட்டி, "சார், இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டார். அதில் 'குரோமியம் - 0.04' என்று மட்டும் அச்சாகியிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) மொத்தக் குரோமியத்துக்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தாளில் இருந்த 0.04 என்பது மில்லிகிராம் என்றால் தண்ணீர் வரம்புக்குள் நிற்கிறது. கிராம் என்றால் வரம்பைப் போல் 800 மடங்கு. ஆய்வுக்கூடத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதற்கு, "வழக்கமா போடுற யூனிட்தான் சார்" என்று பதில் வந்தது.

0.05 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது 10 லட்சம் மில்லிகிராம். ஆகவே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பி.பி.எம். என்று சொல்வது இதைத்தான். கோடையில் நம் தெருக்களுக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அந்த லாரி முழுவதற்கும் சேர்த்து 0.6 கிராம் குரோமியம் கரைந்திருந்தாலே வரம்பு தொட்டுவிடும். ஒரு சவரன் 8 கிராம் என்று கணக்கு வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு, 0.6 கிராம் என்பது ஒரு சிறு மூக்குத்திக்குக் காணும் எடை என்று சொன்னால் உடனே விளங்கும். அதே அளவை அணுக் கணக்கில் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும். வரம்பிலேயே நிற்கும் அந்தத் தண்ணீரின் ஒரு லிட்டரில், 58 என்று எழுதிப் பதினாறு சுழியங்களைச் சேர்த்தால் வரும் எண்ணிக்கையில் குரோமிய அணுக்கள் இருக்கும். எனவே 'குரோமியம் அறவே இல்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்தக் கருவி காட்டக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். (கேன் தண்ணீர் போடுபவர் பையிலிருந்து எடுத்து முக்கிக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இதில் உதவாது. அது நீரில் மின்சாரம் கடப்பதை அளந்து கரைந்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சில நூறு மில்லிகிராம் உப்புக்கு நடுவே 0.05 மில்லிகிராம் குரோமியம் அதன் கண்ணில் படாது.)

அடுத்தது, எந்தக் குரோமியம் என்ற கேள்வி. தனிம வரிசை அட்டவணையில் குரோமியத்தின் அணு எண் 24. அதன் கருவில் 24 புரோட்டான்கள், வெளியே 24 எலக்ட்ரான்கள். புரோட்டான் எண்ணிக்கை மாறினால் அது குரோமியமே அல்ல. எலக்ட்ரான் கணக்கு மாறலாம், அப்படி மாறும்போது பொருளின் குணமும் மாறிவிடும். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம்மில் போடும் பச்சை நிறத் தூளில் இருப்பது மூன்று எலக்ட்ரான்களை இழந்த +3 நிலைக் குரோமியம். அது தோலின் புரதத்தோடு பிணைந்து நிற்பதால்தான் டிரம்மிலிருந்து வெளிவரும் தோல் நீலம் பாய்ந்து தெரிகிறது, 'வெட் புளூ' என்ற பெயரும் அதனால் வந்தது. கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கினால் இந்த +3 குரோமியத்தில் பெரும்பகுதி சேறாகத் திரண்டு அடியில் படிந்துவிடும்.

மஞ்சள் நிறக் குரோமேட்டிலும் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டிலும் இருப்பது +6 நிலை. இது படிவதில்லை; நீரோடு கரைந்து நிலத்தடியில் நெடுந்தொலைவு நகரும். குரோமேட் அயனியின் வடிவம் நம் உடலுக்குத் தேவையான சல்பேட் அயனியின் வடிவத்தை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்காகத் திறக்கும் வாசல் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருப்பது இந்த +6 நிலையைத்தான். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்பு தயாரித்து மூடப்பட்ட ஆலையின் கழிவு மேட்டைப் பற்றி எழுதும்போது பேசப்படுவது பெரிதும் +6. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளின் கழிவுநீரைப் பற்றி எழுதும்போது பேசப்படுவது பெரிதும் +3. செய்திகளிலோ இரண்டும் ஒரே 'நச்சுக் குரோமியம்' ஆகிவிடுகின்றன. டேனரிகளுக்குப் பரிந்து பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு +3 குரோமியத்தில் ஒரு பகுதியை +6 ஆக மாற்றவல்லது. கரையில் கொட்டிய சேறு அப்படியே கிடக்கும் என்று நம்பிவிட முடியாது.

இதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பங்கையும் மறைக்கக் கூடாது. தனிம வரிசை அட்டவணையைப் பாட்டாக்கி மனப்பாடம் செய்ய வைத்தோம். அது அளவைகளின் மேல் எழுந்த கட்டடம் என்பதைச் சொல்லவில்லை. 1869-இல் அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அணு எடைப்படி அடுக்கியபோது சில இடங்களைக் காலியாக விட்டார். 1875-இல் பிரெஞ்சு அறிஞர் லெகோக் டி புவாபோத்ரன் காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்து அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் 4.7 மடங்கு என்று அறிவிக்க, அந்தப் பொருளைக் கண்ணால்கூடக் காணாத மெண்டலீவ், 5.9 அளவில் இருக்க வேண்டும், தூய்மைப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள், 5.9 வந்தது. முப்பது ஆண்டுகளில் இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்னது நான்கைந்து முறைதான் இருக்கும், தேர்வில் வராது என்பதால்.

செய்முறைத் தேர்வு நாளில் நடப்பது இதைவிட மோசம். கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் நிறமற்ற கரைசல் என்றால் அதன் மேற்பரப்பில் தெரியும் பிறை வளைவின் அடிமட்டத்தையும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசல் என்றால் மேல்மட்டத்தையும், கண்ணை அதே உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் நின்றபடியே குனிந்து பார்த்து எழுதுவார்கள். பலர் பார்க்காமலே எழுதுவார்கள், ஏனென்றால் என்ன எண் வர வேண்டும் என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அலகில்லாமல் 0.04 என்று தாள் அச்சிட்டுக் கொடுத்தவரும் இப்படியொரு கூடத்தில் படித்து வந்தவராகத்தான் இருப்பார்.

எனவே தங்களிடம் வேண்டுவது இதுதான். நீர்ச் சோதனை எண்ணை வெளியிடும் ஒவ்வொரு முறையும் அதன் அலகு, மொத்தக் குரோமியமா +6 குரோமியமா என்ற விவரம், மாதிரி எடுத்த இடம், நாள் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடச் செய்யுங்கள். அலகு தராத அறிக்கையின் எண்ணைப் போடாமல் விட்டாலும் குற்றமில்லை.

எங்கள் தெருக்காரரான அவருக்கு இரண்டாம் முறை வந்த சோதனைத் தாளில் அலகு இருந்தது: லிட்டருக்கு 0.04 மில்லிகிராம், மொத்தக் குரோமியம். +6 எவ்வளவு என்று தனியே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மொத்தக் குரோமியத்துக்காக நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்த பாட்டில் அதற்கு ஆகாது, அமிலத்தில் +6 குரோமியம் +3 ஆகக் குறைந்துவிடக்கூடும். அமிலம் சேர்க்காத தனி பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவரே எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
ராணிப்பேட்டை.