தலையாக்குவார் என்ற வாக்குத்தத்தமும் ஏழாம் வருஷமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம். மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருக்கிறது.

வேதபாட வகுப்புக்கு உபாகமம் 28 எடுக்கப்போவதாகவும், "வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதை வைத்தே நான்கு வாரம் நடத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். நடத்தலாம். ஆனால் புதுவருஷத்து வாக்குத்தத்த அட்டையில் அச்சாகிற பாதி வசனத்தோடு நின்றுவிடாதே. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதத்துக்கு 14 வசனம், சாபத்துக்கு 54. அட்டை அச்சடிக்கிறவர்கள் பதினைந்தாம் வசனத்துக்கு முன்னாலேயே கடையை மூடிவிடுகிறார்கள். 44ஆம் வசனத்தில் அதே தலையும் வாலும் திரும்ப வருகின்றன, இடம் மாறி: அந்நியன் தலை, நீ வால். இரண்டு இடத்திலும் பேச்சு கடனைப் பற்றியது. கொடுக்கிறவன் தலை, வாங்குகிறவன் வால்.

அதனால் வகுப்பை 28இல் தொடங்காமல் 15ஆம் அதிகாரத்தில் தொடங்கு என்பேன். "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்குவதில்லை" என்ற வாக்கு அங்கேயே, ஆறாம் வசனத்தில் வந்துவிடுகிறது. எதன் நடுவே என்று பார்: ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சகோதரனுடைய கடனை விட்டுவிடு என்ற கட்டளையின் நடுவே. உலகத்துக்கே கடன் கொடுக்கிற நிலைக்கு உன்னை உயர்த்துவேன் என்கிறவர், பக்கத்து வீட்டுக்காரனிடம் வரவேண்டியதை விடு என்கிறார். கீழ்ப்படிதல் என்று நாம் பொதுவாகச் சொல்லிப் போகிற விஷயத்துக்கு இஸ்ரவேலில் வயல், கடன், வேலைக்காரன் என்று தொட்டுக் காட்டக்கூடிய உருவம் இருந்தது.

இதில் வகுப்பு எடுக்கிறவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்வது ஒன்று. "ஏழாம் வருஷம்" என்று வருவதெல்லாம் ஒரே சட்டம் அல்ல. நிலத்தைத் தரிசாக விடுவது யாத்திராகமம் 23, லேவியராகமம் 25. கடனை விடுவது உபாகமம் 15:1. இந்த விடுதலை வருஷம் தேசம் முழுவதற்கும் பொது. எபிரெய அடிமையை விடுவதோ அவனவன் விலைப்பட்ட நாளிலிருந்து எண்ணுவது: ஆறு வருஷம் வேலை, ஏழாவதில் விடுதலை. வெறுங்கையாய் அனுப்பக்கூடாது, ஆட்டுமந்தையிலும் களத்திலும் திராட்சரச ஆலையிலும் இருந்து அள்ளிக் கொடுக்கவேண்டும். யூபிலி இவை எல்லாவற்றுக்கும் அப்பால், ஐம்பதாம் வருஷம்.

எங்கே உடையும் என்பதைச் சட்டமே முன்கூட்டிச் சொல்கிறது. நிலத்தை விட்டால் ஏழாம் வருஷத்தில் எதைச் சாப்பிடுவோம் என்று கேட்பீர்கள் என்கிறது லேவியராகமம் 25:20. பதில்: ஆறாம் வருஷத்து விளைச்சல் மூன்று வருஷத்துக்கு வரும். எட்டாம் வருஷத்தில் விதைத்து, ஒன்பதாம் வருஷத்து விளைச்சல் வரும்வரை பழைய தானியத்தைச் சாப்பிடவேண்டும். அடுத்தது கடன். விடுதலை வருஷம் நெருங்க நெருங்கக் கையிலிருக்கிறவன் கையை மூடிக்கொள்வான். உபாகமம் 15:9 அந்தப் பொல்லாத நினைவைக் குறித்தே எச்சரிக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நடந்ததும் அதுதான். கடன் கொடுக்க ஆள் இல்லாமல் ஏழைகள் தவித்தபோது, யூத வேத அறிஞர் ஹில்லேல் "புரொஸ்பூல்" என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதிவைத்தால் ஏழாம் வருஷம் அதைத் தொடாது. ஏழைக்குக் கடன் கிடைத்தது. கடன் தள்ளுபடிதான் போயிற்று. ஹில்லேலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நீ வகுப்பில் அதிக நேரம் கொடுக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். எரேமியா 34. கி.மு. 588 வாக்கில் பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மாத்திரம் மிச்சம். (1935இல் லாகீசின் வாசல் அறையில் மையெழுத்துள்ள ஓட்டுத்துண்டுகள் கிடைத்தன. அதில் ஒன்று, லாகீசின் தீ அடையாளங்களை நோக்கிக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்கிறது. வகுப்பில் வாசித்துக் காட்டு. இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) அந்த நெருக்கடியில் சிதேக்கியா ராஜா ஜனங்களோடு உடன்படிக்கை பண்ணி எபிரெய அடிமைகள் எல்லோரையும் ஒரே மூச்சில் விடுதலையாக்குகிறான். அவரவர் ஆறு வருஷம் முடிந்ததும் விட்டிருந்தால் இப்படி மொத்தமாக விடவேண்டிய தேவையே வந்திராது. உங்கள் பிதாக்கள் கேட்கவில்லை என்று 14ஆம் வசனம் சொல்வது இதைத்தான். ஏன் விட்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. முற்றுகையில் தின்னும் வாய்களைக் குறைக்கவா, மதிலில் நிற்க ஆள் வேண்டியா, கர்த்தருடைய தயவை வாங்கவா? மூன்றும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு பார்வோனின் சேனை எகிப்திலிருந்து புறப்படுகிறது. கல்தேயர், அதாவது பாபிலோன் சேனை, முற்றுகையை விட்டு விலகுகிறார்கள். இது 37ஆம் அதிகாரத்தில் இருப்பதால் பலர் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை. ஆபத்து நீங்கிற்று என்று தெரிந்ததும் எஜமான்கள் விட்டவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனி. விடுதலை செய்ததைக் கர்த்தர் வேஷம் என்று தள்ளவில்லை. என் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தீர்கள் என்று 15ஆம் வசனத்தில் ஒப்புக்கொள்கிறார். குற்றம் பின்வாங்கியதில். அவருடைய ஆலயத்தில் பண்ணின உடன்படிக்கை என்பதால், அதை மீறியது அவருடைய நாமத்தைப் பரிசுத்தக்குலைச்சலாக்கியது என்கிறார்.

அந்த உடன்படிக்கையை எப்படிப் பண்ணினார்கள் என்பதும் அங்கே இருக்கிறது. கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, பிரபுக்களும் பிரதானிகளும் ஆசாரியர்களும் தேசத்து ஜனங்களும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோனார்கள். மீறினால் எனக்கும் இதே கதி என்று அர்த்தம். அதன்படியே, உங்கள் பிரேதம் ஆகாயத்துப் பறவைகளுக்கும் பூமியின் மிருகங்களுக்கும் இரையாகும் என்று தீர்ப்பு வருகிறது.

இதை வாசித்த கையோடு ஆதியாகமம் 15ஐத் திறக்கச் சொல். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான் ஆபிராம், பறவைகளைத் துண்டிக்கவில்லை. உடல்கள்மேல் இறங்கிய பறவைகளையும் அவனே துரத்துகிறான். சூரியன் அஸ்தமித்தபின் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் கடக்கவில்லை. தேசத்தைக் கொடுப்பேன் என்ற ஆணை முழுக்கக் கர்த்தருடைய தலையில். எருசலேமின் பிரபுக்கள் கடந்தது தங்கள் சொந்த வாக்கின்மேல்.

கீழ்ப்படிந்ததால் தேசம் கிடைத்ததா, கீழ்ப்படியாததால் வாக்குத்தத்தமே ரத்தா என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். இரண்டும் இல்லை. தேசம் ஆணையினால் கிடைத்தது. அதில் நிலைத்துக் குடியிருப்பது கீழ்ப்படிதலோடு கட்டப்பட்டிருந்தது. சிறையிருப்பில் இருக்கும்போதும் உடன்படிக்கையை நினைப்பேன் என்று லேவியராகமம் 26இன் சாபங்களுக்குப் பிறகே எழுதியிருக்கிறது. அதே அதிகாரம், நீங்கள் கொடுக்காத ஓய்வைத் தேசம் எடுத்துக்கொள்ளும் என்கிறது. 2 நாளாகமம் 36:21 எழுபது வருஷத்தை அதோடு இணைக்கிறது. எழுபதை ஏழால் பெருக்கி 490 வருஷம் என்று சிலர் கணக்குக் காட்டுவார்கள். வசனம் அந்தப் பெருக்கலைப் போடவில்லை; நீயும் கரும்பலகையில் போடாதே.

கடைசி வாரத்துக்கு, தேசத்துக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கையைக் காட்ட, எரேமியா 32. பாபிலோன் சேனை பட்டணத்தை முற்றுகை போட்டிருக்க, காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிற தீர்க்கதரிசி ஆனதோத்தில் பெரியப்பனோ சித்தப்பனோ ஒருவரின் மகனிடம் நிலம் வாங்குகிறார். விலை 17 சேக்கல் வெள்ளி. சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்றால் 187 கிராம் வரும். தராசில் நிறுத்து, சாட்சிகள் கையெழுத்திட்டு, முத்திரைபோட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார், நெடுங்காலம் இருக்கவேண்டும் என்பதற்காக. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் உங்கள் வகுப்பில் நிறையப்பேர், விளக்கமே தேவைப்படாது.

நேரம் மிஞ்சினால் நெகேமியா 5ஐயும் 10ஐயும் சேர்த்துக்கொள். திரும்பி வந்தவர்கள் மறுபடியும் பிள்ளைகளை அடிமையாக்குகிற கடனில் விழுந்ததும், ஏழாம் வருஷத்தை விடுவோம் என்று முத்திரை போட்டு எழுதிக்கொடுத்ததும் அங்கே இருக்கிறது. மிஞ்சாவிட்டால் விட்டுவிடு, எரேமியா 34ஐ மட்டும் அவசரப்படுத்தாதே.

லாகீசும் அசெக்காவும் தெளிவாகத் தெரிகிற வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று எழுது, அத்தனை நகல் எடுத்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்