சவூதியின் ஹாயிலில் இருக்கும் பாப்பாவுக்கு

அம்பாசமுத்திரம்
மார்கழி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் போட்டுக்கொள்கிறாள். மேலவீட்டு விஷயம் முடிந்துவிட்டது, நீ சொன்னபடியேதான் முடிந்தது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

நீ பேசி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. வாய்ஸ் மெசேஜ் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. "நல்லா இருக்கேன்பா, டியூட்டில இருக்கேன்பா." அவ்வளவுதான். அம்மா அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். பணமும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. ஹாயிலில் இப்போது விடியற்காலையில் ஐந்து டிகிரி என்று போன் காட்டுகிறது. அந்த மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். இக்காமா கார்டை எப்போதும் கையில் வைத்துக்கொள். ஈய ஏப்ரன் போடாமல் எக்ஸ்-ரே ரூமில் நிற்காதே. கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜை ஒழுங்காகச் சோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேள், கேட்பதில் தப்பில்லை.

நீ ஹாயிலுக்குப் போன நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். நம் வரலாற்று சார் ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார். ஜெர்ட்ரூட் பெல் என்ற வெள்ளைக்கார அம்மா வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறந்த பிறகு சிற்றன்னை தொகுத்துப் போட்டது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதமாகப் படித்தேன். அதில் இல்லாததை சார் வேறு புத்தகங்களில் தேடிப் பிடித்துச் சொன்னார்.

அந்த அம்மாவும் உன் ஊருக்குத் தனியாகப் போனவர்தான். 1913 டிசம்பரில் டமாஸ்கஸிலிருந்து ஒட்டகங்களோடு கிளம்பியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 45. கான்ஸ்டான்டினோபிளில் இருந்த பிரிட்டிஷ் தூதர் போக வேண்டாம் என்றார், போனால் எங்கள் அரசாங்கம் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். அப்போது டமாஸ்கஸை ஆண்ட துருக்கிக்காரர்களும் அதையே சொன்னார்கள். யார் பேச்சையும் கேட்கவில்லை. நீ ஏஜென்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்னாயே, அது மாதிரி.

பாலைவனத்தில் ஒரு ஏற்பாடு உண்டாம். எந்தக் கூட்டத்தாரின் எல்லையில் போகிறோமோ, அந்தக் கூட்டத்து ஆள் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொள்ள வேண்டும். ரஃபீக் என்று பேர். அவர் கூட இருக்கும்வரை அவருடைய ஆட்கள் யாரும் மேலே கை வைக்க மாட்டார்கள். எல்லை மாறினால் ரஃபீக்கும் மாறுவார். அந்த அம்மா இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே ரஃபீக் மாற்றி மாற்றித்தான் ஹாயில் போய்ச் சேர்ந்தார். உனக்கு அங்கே ரஃபீக் யார் பாப்பா? ரூமில் கூட இருந்த கேரளத்துப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்று சித்தி மகன் சொல்லித்தான் தெரிந்தது. காண்டிராக்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டி எழுதிக் கொடுத்துவிட்டாய் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. நாங்கள் தடுத்திருக்க மாட்டோம். சொல்லியிருக்கலாம்.

1914 பிப்ரவரி கடைசியில் ஹாயிலுக்குள் நுழைந்தார். அப்போது அந்த ஊரை ஆண்டது இப்னு ரஷீத் குடும்பம். அமீருக்குப் பதினாறு வயதுதான் இருக்கும், எங்கேயோ படையெடுத்துப் போயிருந்தான். இந்த அம்மாவை ஒரு வீட்டில் மரியாதையாக இறக்கிவைத்தார்கள், அப்புறம் வெளியே விடவில்லை. டமாஸ்கஸில் இருந்த அவர்களுடைய ஆளிடம் 200 பவுண்டு கட்டி, ஹாயிலில் வாங்கிக்கொள்ளச் சீட்டும் வைத்திருந்தார். அமீர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கஜானாவிலிருந்து பதில் வந்தது. கஜானாச் சாவி ஃபாத்திமா என்ற பாட்டியம்மாவிடம். கையில் காசு இல்லாமல் ஒட்டகங்களில் சிலவற்றை விற்றிருக்கிறார். பத்துப் பதினோரு நாள் அப்படி. கடைசியில் ஒரு நாள் பேச்சின் நடுவே சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டார். பெரிய ஷேக்குகள் மட்டுமே அப்படிச் செய்வார்களாம். அன்று இருட்டியதும் அந்த 200 பவுண்டும் ஒரு பையில் வந்தது, போகலாம் என்ற அனுமதியும் வந்தது. இதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் சம்பளப் பாக்கிக்காக நீ நாற்காலியை விட்டு எழுந்து வந்த கதையை இன்றும் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அந்த நாட்களில் அவர் இரண்டு நாளேடு எழுதியிருக்கிறார். ஒன்று வெறும் குறிப்பு. இன்னொன்று மனதில் இருந்த ஒருவருக்காக எழுதியது. மனம் சோர்ந்துபோனது, இந்தப் பயணத்தால் என்ன பயன் என்று தோன்றியது, எல்லாம் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. "நல்லா இருக்கேன்பா" என்று நீ அனுப்புவது அந்த முதல் நாளேடு மாதிரி இருக்கிறது. இரண்டாவதை நீ யாருக்கு எழுதுகிறாய்? யாருக்காவது எழுதினால் சரிதான்.

ஏப்ரன் விஷயத்தை மறக்காதே.

உன் வேலையைப் பற்றியும் ஒரு செய்தி கிடைத்தது. ரியாத்தின் இப்னு சவூதும் ஹாயிலின் இப்னு ரஷீதும் பரம்பரைப் பகை. துருக்கி ஹாயில் பக்கம் நின்றது, பிரிட்டிஷ்காரர்கள் ரியாத் பக்கம். குவைத்தில் ஏஜென்டாக இருந்த கேப்டன் ஷேக்ஸ்பியர், இந்திய அரசாங்கத்துக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்னு சவூதுக்கு நல்ல சிநேகிதர். 1915 ஜனவரியில் ஜராப் என்ற இடத்தில் ஹாயில் படையோடு நடந்த சண்டையில் இப்னு சவூது பக்கம் நின்று இறந்துபோனார். 36 வயது. அந்த வருஷ டிசம்பரிலேயே பிரிட்டிஷ்காரர்களுக்கும் இப்னு சவூதுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது, அப்புறம் இப்னு சவூதுக்கு மாதம் 5000 பவுண்டு போனது. 1916 நவம்பரில் அவரைப் பஸ்ராவுக்கு அழைத்து விமானம், பீரங்கி எல்லாம் காட்டியிருக்கிறார்கள். எக்ஸ்-ரேயில் கையை வைக்கச் சொல்லி அவருடைய கை எலும்பை அவருக்கே காட்டினார்களாம். பெல் அம்மாவும் அங்கே இருந்திருக்கிறார். எத்தனையோ சண்டைக்குப் போய் வந்த கை. அதன் எலும்பை அவர் பார்த்த மாதிரியேதான் உன் டேபிளில் படுக்கிறவர்களும் பார்ப்பார்கள் இல்லையா. அந்த ஹாயிலையே 1921 நவம்பரில் அவர் பிடித்துவிட்டார்.

அடுத்த வருஷம் உகைர் என்ற கடற்கரையில் எல்லை பேச உட்கார்ந்தார்கள். நாள் கணக்கில் பேசியும் முடியவில்லை. கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரி சர் பெர்சி காக்ஸ் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து மேப்பில் கோடு போட்டுவிட்டார். இது ஈராக், இது குவைத், இது உனக்கு. இப்னு சவூது கண்கலங்கியதாக, அங்கே மொழிபெயர்த்துக் கொடுத்த அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். நீங்கள்தான் எனக்கு அப்பாவும் அம்மாவும் என்று காக்ஸிடமே சொன்னாராம். பாதி நாட்டைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பெல் அம்மாவுக்கு மூன்று வயது நிறைவதற்குள் தாய் போய்விட்டார். அப்பா ஹ்யூ பெல், இரும்பு ஆலை முதலாளி. மகள் என்றால் உயிர். 1892இல் டெஹ்ரானில் ஹென்றி கடோகன் என்ற தூதரகத்துப் பையனை அந்தப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு எழுதிச் சம்மதம் கேட்டாள். பையனுக்குச் சொத்து இல்லை, சூதாட்டக் கடன் உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அப்பா சொன்னால் சரி என்று ஊருக்குத் திரும்பினாள். அடுத்த வருஷம் தந்தி வந்தது, பையன் ஆற்றின் குளிர்ந்த தண்ணீரில் விழுந்து நிமோனியாவில் போய்விட்டான் என்று. அதற்கப்புறம் எந்தக் கல்யாணமும் அமையவில்லை. ஹாயிலுக்குப் போக டமாஸ்கஸிலிருந்து 400 பவுண்டு கேட்டு அப்பாவுக்குத்தான் தந்தி அடித்தாள். அனுப்பிவைத்தார். கல்யாணத்துக்கு மாட்டேன் என்றவர் பாலைவனத்துக்குப் பணம் அனுப்பினார். நானும் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தானே உன்னை அனுப்பினேன்.

பாக்தாத்தில் தனி வீட்டில் ஒரு ஜூலை மாத இரவு படுத்தவர் காலையில் எழவில்லை. 58 வயதுக்கு இரண்டு நாள் குறைவு. மாத்திரையைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை பாப்பா. முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

முப்பத்திரண்டு வருஷம் தபால் வேலை பார்த்தேன். யார் பேருக்கு வந்ததையும் ஒரு நாள் கூட என் கையில் வைத்துக்கொண்டதில்லை. உன் பேருக்கு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் உன்னை ஏமாற்றவில்லை. அவன் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்றுதானே நீ அவனோடு பேச்சை நிறுத்தினாய். வந்தார்கள். அந்த ஆவணியில், நீ திருநெல்வேலியில் டியூட்டியில் இருந்த நாள், அம்மா பாபநாசத்துக்குப் போயிருந்தாள். அவன் அப்பாவும் அம்மாவும் தட்டில் பூவும் வாழைப்பழமும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் உள்ளே கூப்பிடவில்லை. திண்ணையிலேயே நிற்க வைத்து, எங்கள் பெண்ணுக்கு இதில் இஷ்டம் இல்லை, அவளே சொல்லிவிட்டாள் என்று சொன்னேன். நீ சொன்னதாகச் சொன்னேன். வெயிலில் வந்தவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தப் பாலைவனத்தில் பகையாளி கூடாரத்துக்குள் வந்துவிட்டால் கூடக் காப்பி கொடுத்து உட்கார வைப்பார்களாம். ஹ்யூ பெல்லுக்காவது கடன், சூது என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. என் காரணம் என்ன என்று உனக்குத் தெரியும். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பையன் இப்போது தென்காசியில் இருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன மாதம் பேங்க்கில் அவன் அப்பாவைப் பார்த்தேன், அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார். பொண்ணு சௌக்கியமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை.

அவர்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் தட்டைப் பரணில் பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். விளிம்பில் அவன் பாட்டி பேர் வெட்டியிருக்கிறது. இன்று எடுத்துத் துலக்கி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று உன் பாட்டி சொல்வாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் அதில் பூவும் பழமும் வைத்து நானே தென்காசி பஸ் ஏறுகிறேன். வேண்டாம் என்றால் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன். எதுவானாலும் வாய்ஸ் மெசேஜில் சொல்லாதே, போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். ஏப்ரன் போடாமல் நிற்காதே.

அன்புடன்,
அப்பா